மெம்சார்: ஒரே ஒரு பைட்டைத் தேடுற கதை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பச் சொன்னவற்றையும் மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு முழுக்க ஒரே ஒரு ஃபங்ஷனைப் பத்தித்தான். சி மொழியோட ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் இருக்கு. எழுத்துக்கூட்டிச் சொன்னா எம், இ, எம், சி, ஹெச், ஆர். ஆளுக்கு ஒரு மாதிரி உச்சரிப்பாங்க. நான் மெம்சார்னு சொல்வேன், காலேஜ்ல மேக்ஸ் எடுத்த வாத்தியாரைக் கூப்பிடுற மாதிரி.

சார் செய்யுற வேலை ரொம்பச் சின்னது. மெமரியில் ஒரு ஆரம்ப முகவரி, தேட வேண்டிய ஒரு பைட், எத்தனை பைட் வரைக்கும் தேடணும்ங்கிற எண்ணிக்கை, இந்த மூணையும் நீங்க குடுக்கணும். அந்த பைட் முதல்முதலா எங்க வருதோ அந்த முகவரியைத் திருப்பித் தருவார். இல்லேன்னா நல். அவ்வளவுதான்.

"இது நாலு வரி லூப் தானே, இதுக்கு ஒரு எபிசோடா?"ன்னு நினைப்பீங்க. என் முதல் வேலையில் நானும் அப்படித்தான் நினைச்சேன். அங்க லாக் ஃபைல்களில் ஒரு சொல்லைத் தேடித் தர்ற சின்ன டூல் ஒண்ணு எழுதச் சொன்னாங்க. தேடுற சொல்லோட முதல் பைட்டை எடுத்துக்கணும், ஃபைல் முழுக்க அதைத் தேடணும், கிடைச்ச இடத்தில் மீதிச் சொல்லும் பொருந்துதான்னு பார்க்கணும். லைப்ரரி ஃபங்ஷனை எதுக்குக் கூப்பிடணும், நாமளே எழுதினா வேகமா இருக்கும்னு ஒரு இளங்கன்று தைரியம். நாலு வரி லூப் எழுதினேன். சர்வரில் டெஸ்ட் எல்லாம் பாஸ். ரிவ்யூவிலும் யாரும் எதுவும் சொல்லல.

ரெண்டு மூணு மாசம் கழிச்சு சப்போர்ட் டீமில் இருந்த ஒரு அக்கா வந்து, "தம்பி, பேரைத் தமிழில் போட்டுத் தேடினா ஒண்ணுமே வரமாட்டேங்குது"ன்னாங்க. இங்கிலீஷில் எதைத் தேடினாலும் வருது. தமிழில் எதைப் போட்டாலும் பூஜ்யம். அதுவும் அவங்க லேப்டாப்பில் மட்டும். சர்வரில் அதே டூல், அதே ஃபைல், ஒழுங்கா வேலை செய்யுது. இதில் வேதனை என்னன்னா, அதுவரைக்கும் அவங்க டீம் அதை பக்னு நினைக்கவே இல்லை. "ரிசல்ட் இல்லை"ன்னு வந்தா அந்த வாடிக்கையாளர் லாகில் இல்லைன்னு அர்த்தம் எடுத்துக்கிட்டு, புகார் சொன்னவங்களுக்கு "உங்க கோரிக்கை எங்களுக்கு வரவே இல்லை"ன்னு பதில் அனுப்பிட்டு இருந்திருக்காங்க. கிராஷ் ஆகியிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். அமைதியா "இல்லை"ன்னு பொய் சொல்ற புரோகிராம் எத்தனை நாள் வேணும்னாலும் ஓடும்.

காரணம் இதுதான். யுடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக்கு மூணு பைட். 'அ'ன்னா 224, 174, 133. 'க'ன்னா 224, 174, 149. தமிழ் ப்ளாக்கில் இருக்கிற எல்லாத்துக்குமே முதல் பைட் 224தான். சி மொழியில் வெறும் 'சார்' டைப், அதாவது ஒரு கேரக்டரை வைக்கிற டைப், மைனஸ் எண்ணையும் வச்சுக்குமா வச்சுக்காதாங்கிறதை ஸ்டாண்டர்ட் முடிவு பண்ணாம, அந்தந்த பிளாட்ஃபார்ம்கிட்டயே விட்டிருக்கு. எக்ஸ்86 லினக்ஸில் அது மைனஸ் 128லிருந்து 127 வரைக்கும். அங்க 224ங்கிற பைட்டை எடுத்தா மைனஸ் 32ன்னு வரும். நான் தேடுற எண்ணை 224ன்னு சரியா மாத்தி வச்சிருந்தேன், ஆனா மெமரியிலிருந்து எடுக்கிற பைட்டை மாத்தல. மைனஸ் 32உம் 224உம் எந்தக் காலத்திலயும் சமமாகாது. சர்வர் ஆர்ம் லினக்ஸ்; அங்க அதே டைப் 0லிருந்து 255 வரைக்கும். அதனால அங்க எல்லாம் சுபம். இங்கிலீஷ் எழுத்தெல்லாம் 127க்குள்ள அடங்கிடுறதால எந்த மெஷினிலும் பிரச்சினையே தெரியல.

மெம்சாரோட விதியிலேயே, தேடுற எண்ணையும் மெமரியில் இருக்கிறதையும் மைனஸ் இல்லாத பைட்டாத்தான் ஒப்பிடணும்னு எழுதியிருக்கு. லைப்ரரியைக் கூப்பிட்டிருந்தா இந்த பக் பிறந்தே இருக்காது. சரி, வேகத்துக்காகத்தானே நானே எழுதினேன், வேகமாவது கிடைச்சுதா? அதுவும் இல்லை. இனிமேதான் விஷயமே ஆரம்பிக்குது.

நாலு வரி லூப் ஒரு பைட்டுக்கு என்னென்ன செய்யுதுன்னு பாருங்க. மெமரியிலிருந்து ஒரு பைட்டை எடுக்கணும். ஒப்பிடணும். சமமா இருந்தா வெளிய போகணும். பாயிண்டரை ஒண்ணு நகர்த்தணும். கடைசிக்கு வந்துட்டோமான்னு பார்க்கணும். ஒவ்வொரு பைட்டுக்கும் இந்த அஞ்சு வேலை. ஆனா சிபியுவோட ஒரு சாதாரண ரெஜிஸ்டரில் எட்டு பைட் பிடிக்கும். எட்டு பேர் உட்காரக்கூடிய வண்டியில் ஒவ்வொருத்தரா ஏத்திக்கிட்டுப் போய் விட்டுட்டு வர்ற கதைதான் நம்ம லூப்.

எங்க பாட்டி அரிசியில் கல் பொறுக்குறதைப் பார்த்திருக்கேன். ஒவ்வொரு அரிசியா கையில் எடுத்து "நீ கல்லா, நீ கல்லா"ன்னு கேட்க மாட்டாங்க. முறத்தில் ஒரு பிடி பரப்புவாங்க, ஒரு பார்வை. கல் இல்லையா, தள்ளிவிட்டு அடுத்த பிடி. இருக்கா, அப்பத்தான் குனிஞ்சு எங்கன்னு தேடுவாங்க. "இந்தப் பிடியில் இருக்கா?"ங்கிறது ஒரு கேள்வி, "எந்த இடத்தில்?"ங்கிறது வேற கேள்வி. பெரும்பாலான பிடியில் கல் இருக்காது, அதனால முதல் கேள்வியைத்தான் மலிவா ஆக்கணும். மெம்சாரை வேகமா எழுதினவங்க எல்லாரும் செஞ்சது இதைத்தான்.

முதல் வழிக்கு எந்த ஸ்பெஷல் இன்ஸ்ட்ரக்ஷனும் வேண்டாம். ஒரு முழு ரெஜிஸ்டரை எட்டு சின்ன பெட்டியா நினைச்சுக்கிட்டு ஒரே கணக்கில் எட்டையும் பார்க்கிற உத்தி. லெஸ்லி லாம்போர்ட் 1975லயே இந்த மாதிரி முழு வார்த்தை இன்ஸ்ட்ரக்ஷனை வச்சு பல பைட்டைக் கையாளுறது பத்தி ஒரு கட்டுரை எழுதியிருக்கார். இப்ப நான் சொல்லப்போற சூத்திரம் 1987ல ஆலன் மைக்ராஃப்ட் குடுத்தது.

நமக்கு வேண்டிய பைட்டை எட்டுப் பெட்டியிலும் நிரப்பி ஒரு எண் தயார் பண்ணிக்கணும். மெமரியிலிருந்து எடுத்த எட்டு பைட்டோட அதை எக்ஸார் பண்ணணும். ஒரே மாதிரி இருக்கிற பெட்டி பூஜ்யமாகிடும். இப்ப கேள்வி மாறிடுச்சு: எட்டுப் பெட்டியில் ஏதாவது பூஜ்யம் இருக்கா? அதுக்கு எல்லாப் பெட்டியிலிருந்தும் ஒண்ணு கழிங்க. பூஜ்யம் இருந்த பெட்டி பக்கத்துப் பெட்டிகிட்ட கடன் வாங்கி 255 ஆகும், அதாவது மேல்பிட் எரியும். ஆனா 200 மாதிரி பெரிய எண் இருந்த பெட்டியிலும் கழிச்ச பிறகு மேல்பிட் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும். அதனால கழிக்கிறதுக்கு முன்னாடியே மேல்பிட் எரிஞ்ச பெட்டிகளை ஒதுக்கிடணும். மிச்சத்தில் மேல்பிட்டை மட்டும் பாருங்க. மொத்தமும் பூஜ்யம்னா இந்தப் பிடியில் கல் இல்லை, அடுத்த எட்டு. ஒரு எக்ஸார், ஒரு கழித்தல், ஒரு நாட், ரெண்டு ஆண்ட். எட்டு பைட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பிராஞ்ச்.

அந்தக் "கடன் வாங்கி"ங்கிற இடத்தில் ஒரு பொறி இருக்கு. எனக்குப் பிடிச்ச பொறி. பூஜ்யப் பெட்டி கடன் வாங்கினா அடுத்த பெட்டியில் ஒண்ணு குறையும். அந்த அடுத்த பெட்டியில் 1 இருந்தா, கழிச்சு, கடனும் குடுத்து, அதுவும் 255 ஆகிடும். அப்ப அதுவும் "நான்தான்"னு பொய்யா கை தூக்கும். உதாரணமா, இங்கிலீஷ் சின்ன எழுத்து 'பி'யைத் தேடுறோம். அதோட எண் 98. 'சி'யோட எண் 99. ரெண்டையும் எக்ஸார் பண்ணினா 1. 'பி'க்கு அடுத்து 'சி' வந்தா ரெண்டு கையும் மேல. எக்ஸ்86 மாதிரி லிட்டில் எண்டியன் மெஷினில் முன்னாடி வர்ற பைட் ரெஜிஸ்டரோட அடிப்பக்கம் உட்காருது, கடன் மேல்பக்கமாத்தான் பரவுது. அதனால முதல் கை எப்பவுமே நிஜக் கை. பொய்க் கையை நாம பார்க்கவே மாட்டோம். ஆனா கடைசியிலிருந்து தேடினாலோ, பிக் எண்டியன் மெஷினில் ஓடினாலோ பொய்க் கைதான் முதல்ல கண்ணில் படும். "இருக்கா"ங்கிற கேள்விக்குச் சரியா பதில் சொல்ற அதே சூத்திரம், "எங்க"ங்கிற கேள்விக்குத் தப்பா பதில் சொல்லும். இணையத்திலிருந்து இந்தச் சூத்திரத்தை காப்பி பண்ணி ரிவர்ஸ் தேடலுக்குப் போடுறவங்க இதை ஞாபகம் வச்சுக்கங்க.

ரெண்டாவது வழி, இதுக்குன்னே செஞ்ச ஹார்ட்வேர். 64 பிட் எக்ஸ்86 சிபியு எல்லாத்திலும் எஸ்எஸ்இ2 இருக்கு. 16 பைட் அகல ரெஜிஸ்டர். பதினாறு பெட்டியையும் தனித்தனியா ஒப்பிட ஒரு இன்ஸ்ட்ரக்ஷன், கடன் தொல்லையே கிடையாது. பொருந்தின பெட்டியில் 255, மத்ததில் 0. அடுத்த இன்ஸ்ட்ரக்ஷன் பதினாறு பெட்டியோட மேல்பிட்டையும் பொறுக்கி ஒரு 16 பிட் எண்ணா கையில் குடுக்கும். அது பூஜ்யம்னா அடுத்த பிடி. இல்லேன்னா அடியிலிருந்து எத்தனை பூஜ்ய பிட்னு எண்ண ஒரு இன்ஸ்ட்ரக்ஷன், அதுதான் இடம். 2013ல இன்டெல் ஹாஸ்வெல்லோட வந்த ஏவிஎக்ஸ்2வில் இதுவே 32 பைட். ஆர்மோட நியானில் மேல்பிட் பொறுக்குற இன்ஸ்ட்ரக்ஷன் கிடையாது. அங்க ஒவ்வொரு பைட்டையும் நாலு பிட்டா சுருக்கி 64 பிட் எண்ணாக்குற ஒரு குறுக்கு வழியை வச்சு சமாளிக்கிறாங்க.

லினக்ஸில் நீங்க வழக்கமா பயன்படுத்துற ஜிலிப்சி லைப்ரரியில் இதோட பல வடிவம் இருக்கு. புரோகிராம் ஓடும்போது சிபியு எதுன்னு பார்த்து அதுக்கு ஏத்ததை மாட்டிக்கும். பெரிய பஃபர்னா நாலு ரெஜிஸ்டரை ஒண்ணா ஒப்பிட்டு, நாலு பதிலையும் ஆர் பண்ணி, ஒரே பிராஞ்சில் முடிக்கும். ஏவிஎக்ஸ்2வில் அது 128 பைட்டுக்கு ஒரு கேள்வி. முறத்தைப் பெருசாக்கிட்டாங்க.

இங்க ஒரு கேள்வி வரணும். வந்திருந்தா நீங்க கவனமா கேட்கிறீங்க. பஃபரில் 5 பைட்தான் இருக்கு, 32 பைட்டை ஒரே அள்ளில் எடுத்தா மீதி 27 யாரோடது? நம்முடையது இல்லாத மெமரியைப் படிச்சா புரோகிராம் செத்துடாதா?

சாகலாம், ஆனா சிபியு காவல் காக்கிறது பைட் கணக்கில் இல்லை, பேஜ் கணக்கில். எக்ஸ்86இல் சாதாரண பேஜ் 4096 பைட். ஒரு பேஜில் ஒரு பைட்டைத் தொட உங்களுக்கு அனுமதி இருந்தா அந்தப் பேஜ் முழுக்க அனுமதி. 4096, 32ஆல மீதியில்லாம வகுபடும். அதனால 32இன் மடங்கில் இருக்கிற முகவரியிலிருந்து 32 பைட் எடுத்தா அது பேஜ் எல்லையைத் தாண்டவே தாண்டாது. லைப்ரரி எழுதினவங்க இதை நம்பித்தான் எல்லைக்கு அந்தப் பக்கம் படிச்சுட்டு, வேண்டாத பதிலைத் தூக்கிப் போட்டுடுறாங்க. ஆரம்ப முகவரி மடங்கில் இல்லேன்னா, பேஜ் முடிவுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கோமான்னு முதல்ல ஒரு செக்; இல்லேன்னா தைரியமா அள்ளிடலாம்.

இதை அசெம்ப்ளியில் எழுதுற லைப்ரரிக்காரங்க செய்யலாம். நம்ம சி கோடில் செஞ்சா, அது மொழியோட விதிப்படி வரையறுக்கப்படாத நடத்தை. ஓடும், ஒரு நாள் கம்பைலர் வேற மாதிரி முடிவு எடுக்கும், அப்ப அழணும். உங்க நாலு வரி லூப்பை கம்பைலரே ஏன் இப்படி மாத்தித் தரலைங்கிறதுக்கும் இதேதான் காரணம். "கிடைச்சதும் நிறுத்து"ன்னு நீங்க எழுதியிருக்கீங்க. அதைத் தாண்டிப் படிக்கலாமான்னு கம்பைலருக்கு உத்தரவாதம் கிடையாது. நடுவில் வெளியேறுற லூப்பை வெக்டராக்குற வசதியே ஜிசிசியில் 2024ல வந்த 14ஆம் பதிப்பில்தான் வந்துச்சு, அதுவும் சில நிபந்தனையோட.

வேகத்துக்கு ஒரு கூரையும் இருக்கு. ஹாஸ்வெல் சிபியு எல்1 கேஷிலிருந்து ஒரு கிளாக்குக்கு 32 பைட்டா ரெண்டு தடவை எடுக்க முடியும். 3 கிகாஹெர்ட்ஸ்னா காகிதத்தில் விநாடிக்கு 192 ஜிபி. ஆனா டிடிஆர்4-3200 ரேம் ஒரு சேனலுக்குக் காகிதத்திலேயே 25.6 ஜிபிதான். கேஷில் அடங்காத பெரிய ஃபைலைத் தேடும்போது சிபியு முறத்தோட காத்துக்கிட்டு இருக்கும், அரிசி வந்து சேராது. அந்த இடத்தில் 16 பைட்டை 32 ஆக்குறதில் பெருசா ஒண்ணும் கிடைக்காது. பெஞ்ச்மார்க் போடுறவங்க சின்ன பஃபரைத் திரும்பத் திரும்பத் தேடிட்டு "பத்து மடங்கு"ன்னு ட்வீட் போட்டா, கேஷைத்தான் அளந்திருக்காங்கன்னு புரிஞ்சுக்கங்க.

சரி, என் டூலுக்கு வருவோம். லூப்பைத் தூக்கிட்டு மெம்சாரைப் போட்டேன். தமிழ்ப் பேரெல்லாம் கிடைக்க ஆரம்பிச்சுது. இங்கிலீஷ் தேடல் பறந்துச்சு. தமிழ் தேடல் மட்டும் மாட்டு வண்டி. ஏவிஎக்ஸ்2 எல்லாம் எங்க போச்சுன்னு தலையைச் சொறிஞ்சேன்.

யோசிச்சுப் பாருங்க, நான் என்ன பைட்டைத் தேடுறேன்? சொல்லோட முதல் பைட். தமிழில் எந்தச் சொல்லா இருந்தாலும் அது 224. தமிழ் வரியில் மூணு பைட்டுக்கு ஒரு 224. சாரைக் கூப்பிடுறேன், "கிடைச்சுது"ங்கிறார். பொருந்தல. மறுபடி கூப்பிடுறேன், மூணு பைட் தள்ளி "கிடைச்சுது"ங்கிறார். 128 பைட் முறத்தை வச்சுக்கிட்டு ஒவ்வொரு அரிசியையும் கல்னு சொல்ற நிலைமை. ஃபங்ஷனைக் கூப்பிடுற செலவு, பேஜ் செக் செலவு எல்லாம் மூணு பைட்டுக்கு ஒரு தடவை. இதுக்கு என் பழைய லூப்பே தேவலை.

மைக் ஹார்ட்டெல், ஜிஎன்யு கிரெப்போட மூல ஆசிரியர், 2010ல ஃப்ரீபிஎஸ்டி மெயிலிங் லிஸ்டில் கிரெப் ஏன் வேகம்னு விளக்கினதோட சாரம், அது எல்லா பைட்டையும் பார்க்கிறதையே தவிர்க்குதுங்கிறதுதான். ஆண்ட்ரூ கேலண்ட் ரஸ்டில் எழுதின ரிப்கிரெப்பும், அதுக்கு அடியில் இருக்கிற அவரோட மெம்சார் லைப்ரரியும் இன்னொரு படி போகுது: தேடுற சொல்லில் எந்த பைட் அரிதா வரும்னு ஒரு ஊகப் பட்டியல் வச்சு, முதல் பைட்டைத் தேடாம அந்த அரிய பைட்டைத் தேடும்.

அதைத் தமிழுக்குப் பண்ணிப் பார்க்கலாம். 'யாழினி'ன்னு ஒரு பேர். ஆறு குறியீடு, 18 பைட். அதில் 224 ஆறு தடவை, 174 ஆறு தடவை, ரெண்டும் உதவாது. மிச்சம் மூணாவது பைட்கள்தான். 'ய'வுக்கு 175. ஆனா அது மாட்டிவிடும், ஏன்னா புள்ளி, உகரம் மாதிரி பின்னாடி இருக்கிற குறிகளுக்கு எல்லாம் ரெண்டாவது பைட்டே 175தான், வரிக்கு வரி வரும். கால், இகரக் கொக்கி, ரெண்டும் தமிழில் எங்கேயும் இருக்கு. 'ன' அதே கதை. 'ழ'வோட மூணாவது பைட் 180. தமிழ் ப்ளாக்கில் அதே 180இல் முடியுற இன்னொரு குறி, மாசத்துக்கான பழைய சின்னம் '௴' மட்டும்தான். அதை யார் லாகில் எழுதப்போறா? ஆக 180ஐத் தேடு, கிடைச்சா 8 பைட் பின்னாடி போய் முழுப் பேரையும் ஒப்பிடு. பின்னாடி 8 பைட் இருக்கான்னு முதல்ல பார்த்துக்கணும், இல்லேன்னா அது அடுத்த பக்.

பாருங்க, சிறப்பு ழகரம்னு பள்ளிக்கூடத்தில் பெருமையா சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு அதோட சிறப்பு இந்த டூலில்தான் தெரிஞ்சுது.

நடுவில் ஒரு கேள்வி, நேரலையில் கேட்டிருந்தீங்க: வரி பிரிக்க நியூலைன் பைட்டான 10ஐ மெம்சாரில் தேடுறோமே, தமிழ் எழுத்துக்கு நடுவில் 10 வந்து ஏமாத்தாதா? யுடிஎஃப்-8இல் வராது. தமிழ் எழுத்தோட மூணு பைட்டுமே 128க்கு மேலதான் அல்லது 128ஏ. யுடிஎஃப்-16இல் கதை வேற. அங்க குஜராத்தி, குர்முகி எழுத்துகளோட மேல் பைட்டே 10தான். ஒவ்வொரு எழுத்தும் நியூலைன் மாதிரி தெரியும். தமிழோட மேல் பைட் 11. ஒரே ஒரு எண் வித்தியாசத்தில் தப்பிச்சோம்.

கடைசியா அந்த டூலில் நான் வச்சது 256 இடம் கொண்ட ஒரு பட்டியல். லாக் ஃபைலோட ஆரம்பத்தில் கொஞ்சம் படிச்சு, எந்த பைட் எத்தனை தடவை வருதுன்னு எண்ணிக்கும். தேடுற சொல்லில் குறைவா வர்ற பைட்டை எடுத்து மெம்சார்கிட்ட குடுக்கும். டெஸ்டில் தமிழ்ப் பேர் இருபது சேர்த்தேன், எக்ஸ்86லயும் ஆர்ம்லயும் ஓடணும்னு போட்டேன். சப்போர்ட் டீம் அக்கா பழைய பதில் மெயில்களை எல்லாம் எடுத்து, பேரை ஒவ்வொண்ணா திரும்பத் தேடி, "மன்னிக்கணும், உங்க கோரிக்கை வந்திருந்தது"ன்னு மறுபடி எழுதினாங்க. அதுக்கு அவங்களுக்கு ரெண்டு நாள் ஆச்சு.